அது வேறு கிளினிக், அக்கா

2023 ஜனவரி 18, புதன்கிழமை. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். காலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றடியில் முகம் கழுவி, பால் விடாத தேநீர் குடித்து, முந்திய நாள் எழுதிய நாட்குறிப்பை ஒருமுறை வாசித்துவிட்டு 6.40க்குத் திருகோணமலை உவர்மலையிலுள்ள வீட்டிலிருந்து வேலைக்கு இறங்கினேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் களஞ்சியத்துக்கு நான் பொறுப்பாளன். கப்பல்களுக்கான கயிறு, வர்ணம், எண்ணெய், ஆணி, திருகு. அன்று வந்த வர்ணப் பேணிகளில் நான்கு நசுங்கியிருந்தன. பகல் 12.30க்கு அரைநாள் விடுப்பில் பஸ் நிலையத்துக்குப் போனேன். அக்கா மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்காக மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சானிலிருந்து வந்துகொண்டிருந்தார். பஸ் 1.10க்கு வந்தது.

அக்கா கடைசிப் படியில் நின்றார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தபடி தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் எழும்பவில்லை. பின்னால் மூன்று பேர் மூட்டைகளோடு காத்து நின்றார்கள்.

“அம்மா, இறங்கிற யோசனை இருக்கோ, இல்லாட்டித் திருப்பி மூதூருக்கு ரிக்கெற் போடவோ?” என்று கேட்டார் நடத்துனர்.

“கால்தான் யோசிக்குது தம்பி. நான் எப்பவோ இறங்கிட்டன்” என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைய குறிப்பின் கடைசி வரி இது: “அக்கா பஸ்ஸால் இறங்க இரண்டு நிமிடம் எடுத்தா. முழங்கால்.”

முதல் வாக்கியம் நான் கண்டது. இரண்டாவது நான் காணாதது. இரண்டையும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது, இரண்டாவதை எழுத எனக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று தெரியவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். அந்த வருடம் அவருக்கு அறுபத்தாறு. திருமணம் செய்யவில்லை. மூதூர்ப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக (வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் மருத்துவமாது) இருந்தவர். தோப்பூர் வரை எந்த ஒழுங்கையில் கேட்டாலும் “மிஸ்” என்றால் அக்காதான். ஓய்வு பெற்றபின் கட்டைபறிச்சானில் தானே கட்டிய சிறிய வீட்டில் தனியாக இருந்தார். ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தார். யாரையும் கேட்டு எங்கும் போனவரல்லர்.

நான் மருத்துவம் தெரிந்தவன் அல்ல. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், என் நாட்குறிப்புகளிலிருந்து எடுத்து எழுதும் இது ஏதாவது உதவக்கூடும் என்று நினைக்கிறேன். உதவாவிட்டாலும், நான் செய்த பிழையை நீங்கள் செய்யாமல் இருக்கலாம்.

அந்த வருடம் முழுவதும் அக்காவின் நடை மாறிக்கொண்டே வந்தது. எட்டு வைக்கும் தூரம் குறைந்தது. பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நடந்தார். திரும்பும்போது ஐந்தாறு சின்ன எட்டு வைத்துத் திரும்பினார். எலும்பு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் தேய்ந்திருக்கிறது என்றார்கள். அந்த வயதில் யாருக்குத்தான் தேயாது. மருந்தும் பயிற்சியும் தந்தார்கள்.

ஒக்டோபரில் இரண்டாவது பிரச்சினை தொடங்கியது. சிறுநீர் வருகிறது என்று தெரிந்து எழும்புவதற்குள் போய்விடும். அதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. என் மனைவி சுகந்தியிடம் சொன்னார். சுகந்தி என்னிடம் சொன்னாள். நான் வேறொரு கிளினிக்கில் பதிவு செய்தேன்.

2024 தொடக்கத்தில் மூன்றாவது. தொலைபேசியில் ஒரே விசயத்தை இரண்டுமுறை கேட்டார். பிறகு கேட்பதே குறைந்தது. கேள்வி கேட்டால் பதில் வர நேரமெடுத்தது. மறதிக்கு இன்னொரு கிளினிக். வயது காரணமான மறதியாக இருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். “இருக்கலாம்” என்றுதான் சொன்னார்கள். நான் எழுதியபோது அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

எங்கள் வைத்தியசாலைகளில் ஒவ்வொரு கிளினிக்குக்கும் நோயாளியிடமே ஒரு கொப்பி இருக்கும். அதில்தான் வைத்தியர் எழுதுவார். அக்காவுக்கு மூன்று கொப்பிகள். நான் மூன்றுக்கும் மண்ணிறத் தாள் உறை போட்டு, மேலே “கால்”, “சிறுநீர்”, “மறதி” என்று எழுதி, மூன்று பிளாஸ்டிக் உறைகளில் வைத்தேன். களஞ்சியத்தில் ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. கயிற்றின் அட்டையில் வர்ணத்தைப் பற்றி எழுதினால் இரண்டு கணக்கும் பிழையாகிவிடும். இருபத்தேழு வருடமாக நான் அப்படித்தான் வேலை செய்கிறேன். எந்த நாள் எந்தக் கிளினிக்கோ அந்தக் கொப்பியை மட்டும் எடுத்துப்போனேன்.

2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. எலும்பு கிளினிக். எங்களுக்கு முன் நாற்பது பேர் இருந்தார்கள். 11.20க்கு உள்ளே போனோம். வைத்தியர் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகத் தொடங்கினார்.

“டொக்டர், எனக்குச் சலம் போறதும் இப்ப...”

நான் அவர் கையில் தட்டினேன். “அது வேற கிளினிக், அக்கா. அதை வியாழக்கிழமை சொல்லுவம்.”

வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். நான் “ஒண்டுமில்லை டொக்டர், முழங்காலைப் பாருங்கோ” என்றேன். அவர் முழங்காலைப் பார்த்தார். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவருடைய நேரத்தை வீணாக்கவில்லை என்ற திருப்தியோடு நான் வெளியே வந்தேன். அதையும் அன்றைக்கு எழுதியிருக்கிறேன்: “வேலை ஒன்பது நிமிடத்தில் முடிந்தது.”

அதற்குப் பிறகு அக்கா எந்த வைத்தியரிடமும் தானாக எதையும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் கிணற்றடியில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஜூனில் அவருடைய வீட்டை ஒழுங்குபடுத்தினேன். ஒழுங்குபடுத்தினேன் என்பது நான் அப்போது எழுதிய சொல். இனி அவர் அங்கே திரும்பிப் போகப் போவதில்லை, பூட்டிய வீடு கறையானுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். மூன்று சனிக்கிழமைகளில் வீட்டைக் காலி செய்தேன். ஒவ்வொரு பொருளையும் யாருக்குக் கொடுத்தேன் என்று பட்டியல் எழுதினேன். எழுபத்தொரு பொருள்கள். வீட்டை ஓர் ஆசிரியைக்கும் கணவருக்கும் இரண்டு வருடத்துக்கு வாடகைக்குக் கொடுத்தேன். அக்காவிடம் கடிதம் நீட்டினேன். எங்கே கையெழுத்து என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டார்.

பிழை வெளிப்பட்டது நான் இல்லாத ஒரு நாளில். 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. களஞ்சியத்தில் வருடாந்தக் கணக்கெடுப்பு, விடுப்புக் கிடைக்கவில்லை. எலும்பு கிளினிக்குக்குச் சுகந்தி கூட்டிப்போனாள். எந்தக் கொப்பி என்று தேட அவளுக்குப் பொறுமை இல்லை. மூன்றையும் உறைகளோடு சந்தைப் பையில் போட்டு, மேலே மாற்றுச் சேலையையும் ஓர் இறாத்தல் பாண் ரொட்டியையும் வைத்துக்கொண்டு போனாள். அன்று புதிதாக வந்திருந்த ஓர் இளம் பெண் வைத்தியர் இருந்தார். கொப்பியைக் கேட்டபோது சுகந்தி பையை மேசையில் கவிழ்த்தாள்.

பிறகு நடந்ததைச் சுகந்தி எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“அந்தப் பிள்ளை மூண்டு கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுது. பேரைப் பாத்துது. ‘இந்த மூண்டும் ஒரே ஆளோ’ எண்டு கேட்டுது. ஓம் எண்டன். ‘ஏன் இவ்வளவு நாளும் ஒண்டாக் கொண்டுவரேல்லை’ எண்டு கேட்டுது. வீட்டுக்காரர் பிரிச்சு வைச்சிருக்கிறார் எண்டன். அதுக்குப் பிறகு மச்சாளை எழுப்பி நடக்கச் சொல்லிப் பாத்துது. முழங்காலைத் தொடவே இல்லை, பாருங்கோ.”

சி.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் நீர் சுரக்கும் அறைகள் விரிந்திருந்தன. நோயின் பெயர் நோர்மல் பிரஷர் ஹைட்ரோசெபலஸ் (மூளையைச் சுற்றி ஓடும் நீர் சரியாக உறிஞ்சப்படாமல் உள்ளறைகளில் தேங்கும் நிலை, அளந்து பார்த்தால் அழுத்தம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், அதனால் இந்தப் பெயர்). அதன் அடையாளங்கள் மூன்று. நிலத்தில் ஒட்டிக்கொண்டது போன்ற நடை, கட்டுப்படாத சிறுநீர், மந்தமாகும் நினைவு. மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக வருவதில்லை. வந்தால் அவற்றை ஒன்றாகப் பார்க்க வேண்டும். வயது காரணமான மறதியைத் திருப்ப முடியாது. இதை ஓரளவு திருப்பலாம், காலத்தோடு கண்டுபிடித்தால்.

அந்தக் கடைசி வரியை அந்த வைத்தியர் எனக்குச் சொன்னபோது அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை.

2025 ஜனவரியில் கண்டிக்கு அனுப்பினார்கள். 22ஆம் திகதி, புதன்கிழமை, இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கிடையே ஊசி ஏற்றி அந்த நீரில் ஒரு பகுதியை வெளியே எடுத்துப் பார்க்கும் சோதனை. நீரை எடுத்தபின் நடை திருந்தினால், சத்திரசிகிச்சையால் பயன் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஊசிக்கு முன் வாட்டுக்கு வெளியே நீண்ட நடைபாதையில் பத்து மீற்றர் நடக்கச் சொன்னார்கள். நானும் என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். முப்பத்தெட்டு எட்டு வைத்தார், நாற்பத்தொரு விநாடி. நீர் எடுத்து மூன்று மணித்தியாலத்துக்குப் பின் அதே நடைபாதையில் இருபத்துநான்கு எட்டு, இருபத்திரண்டு விநாடி.

முடிவில் அக்கா சுவரில் கை வைக்காமலே திரும்பினார். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

“வேற ஆற்றையோ காலை மாத்திப் பூட்டிப்போட்டாங்கள்” என்றார்.

நான் ஒரு வருடத்தில் கேட்ட முதல் பகிடி அது. நடைபாதையின் ஓரத்தில் ஒரு வாங்கு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

எடுத்த நீர் மீண்டும் சுரந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை கால் பழையபடி தரையில் ஒட்டியது. “காட்டிப்போட்டுப் பறிச்சுப்போட்டாங்கள்” என்று மட்டும் சொன்னார். உங்கள் நோயாளிக்கும் இப்படி நடக்கலாம். இந்த இரண்டு நாளுக்கும் முன்கூட்டியே அவரைத் தயார்ப்படுத்துங்கள். நாங்கள் செய்யவில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களத்தில் சொன்னதைத் தாதி தமிழில் சொன்னார். ஷன்ட் (வடிகுழாய்) என்பது, மூளையின் அறையில் ஒரு முனையும் வயிற்றறையில் மறு முனையுமாகத் தோலுக்கடியில் ஓடும் மெல்லிய குழாய். காதுக்குப் பின்னால் ஒரு வால்வு. மேலதிக நீர் அதன் வழியே இறங்கி வயிற்றுக்குள் உறிஞ்சப்படும். நடை முதலில் திருந்தும். சிறுநீர் பிறகு. நினைவைப் பற்றி உறுதி சொல்ல முடியாது.

“இரண்டு வருசத்துக்கு முன்னம் கொண்டுவந்திருந்தால்?” என்று கேட்டேன்.

தாதி கேட்டுச் சொன்னார்: “முந்தி வந்திருந்தால் நல்லதாம். இப்ப வந்ததும் நல்லதாம்.”

“முதல் பாதியை அவனுக்குச் சொல்லுங்கோ, மிஸ்” என்றார் அக்கா. “மற்றப் பாதி எனக்கு.”

பெப்ரவரி 20, வியாழக்கிழமை, சத்திரசிகிச்சை. காலை 8.15க்கு உள்ளே கொண்டுபோனார்கள், 10.50க்கு வெளியே கொண்டுவந்தார்கள். தலையின் வலப்பக்கம் மழித்திருந்தது. வயிற்றில் ஒரு சிறிய வெட்டு. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கழுத்தின் வலப்பக்கம் தடவினால் தோலுக்கடியில் குழாய் தெரியும், மெல்லிய மின்வயர் ஒன்றைப் போல. சுகந்தி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். “பயப்பிடாத. எனக்கும் ஒரு குழாய்க்கிணறு அடிச்சாச்சு, அவ்வளவுதான்” என்றார் அக்கா.

முதல் மாதம் எழுந்தவுடன் தலை வலித்தது. நீர் வேகமாக வடிந்தால் அப்படி வரும் என்றார்கள். படுக்கையிலிருந்து நேரே எழும்பக்கூடாது. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்து பின் எழும்ப வேண்டும் என்றார்கள். நான் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன். காய்ச்சல், விடாத தலையிடி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான நித்திரை, குழாய் போகும் வழியில் சிவப்பு, நன்றாக நடந்தவர் மறுபடி கால் தேய்ப்பது, இவற்றில் எது கண்டாலும் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்கள். இவற்றை எழுதிய தாளை அலுமாரிக் கதவில் ஒட்டினேன். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதியிருந்தேன்.

மார்ச் நடுவில் குசினி வரை சுவர் பிடிக்காமல் நடந்தார். ஏப்ரல் கடைசியில் பகல் வேளைகளில் துணி வைக்கத் தேவைப்படவில்லை. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அக்கா கேள்வி கேட்கத் தொடங்கினார்.

மே 11. சுகந்தி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ர பெரிய தாச்சி எங்க தம்பி? இது சின்னன், எண்ணெய் தெறிக்குது.”

“அது பக்கத்து வீட்டு ராணியக்காவிட்ட, அக்கா.”

“இரவலோ?”

அடுத்த நாள் தையல் மெசினைக் கேட்டார். அதற்கடுத்த நாள் ஸ்கூட்டர். நினைவு ஒழுங்காகத் திரும்புவதில்லை. ஒரு வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாக வெளிச்சம் போடுவதுபோல அவர் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வோர் அறையையும் நான் காலி செய்திருந்தேன்.

ஒரு கிழமைக்குப் பின் அவரே சொன்னார். “நீ பட்டியல் எழுதாமல் விட்டிருக்க மாட்டாய். எடுத்துக்கொண்டு வா. இருந்து வாசி.”

வாசித்தேன். முன் கதிரையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கட்டில், இலங்கைத்துறையில் ஒரு குடும்பத்துக்கு. தையல் மெசின், கோயிலடியில் ஒரு பிள்ளைக்கு. ஸ்கூட்டர், தோப்பூரில் ஒரு நேர்சுக்கு. “அவள் ஓட்டத் தெரியாதவள் எல்லோ, புருசனுக்குத்தான் குடுத்திருக்கிறாய்” என்றார். சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு, அம்மி. நாற்பத்துநான்காம் இலக்கத்தில் நிறுத்தினேன்.

“வாசி.”

“வேலைச் சேலை ஆறு. கிழிச்சது. படுக்கைத் துணிக்கு.”

சேவைக் காலத்தில் அவர் உடுத்த சேலைகள் அவை. அவருடைய படுக்கைக்குத்தான் கிழித்தோம். சுகந்தி குசினிக்குள் போய்விட்டாள்.

“நல்ல பருத்தி. நல்லா உறிஞ்சியிருக்கும்” என்றார் அக்கா.

எழுபத்தொன்றையும் வாசித்து முடித்தபோது கண்ணைத் திறந்தார். “எட்டுச் செலவு மட்டுந்தான் செய்யாமல் விட்டிருக்கிறாய்” என்றார். எட்டுச் செலவு என்பது இறந்தவருக்கு எட்டாம் நாள் நாங்கள் செய்யும் சடங்கு.

“அக்கா, நான் நினைச்சன்...”

“நீ நினைச்சது எனக்குத் தெரியும். நான் அண்டைக்கு எலும்பு டொக்டரிட்டச் சொல்ல வெளிக்கிட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கு. தாய்மாருக்கு முப்பத்திரண்டு வருசம் நான் சொன்னது ஒண்டுதான்: வெக்கப்படாமல் எல்லாத்தையும் சொல்லுங்கோ. ஒரு நாள் நானும் சொல்ல வெளிக்கிட்டன். தம்பிக்கு ஒழுங்கு முக்கியம்.”

நான் அன்று நாட்குறிப்பு எழுதவில்லை. அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஜூலையில் கிளினிக்குக்குப் போனோம். மூன்று கொப்பியும் ஒரே பையில். அக்காவே கேட்டார்: “நான் என்ர வீட்டில தனிய இருக்கலாமோ?” நினைவு முழுவதும் திரும்பவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு மறப்பார், திகதியைப் பிழையாகச் சொல்வார். ஆனாலும் வைத்தியர், பக்கத்தில் கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தால் முயன்று பார்க்கலாம் என்றார். கட்டைபறிச்சானில் அக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லாத வீடே கிடையாது.

வெளியே வந்ததும், “வீட்டை எடுத்துத் தா” என்றார். ஒப்பந்தம் 2026 ஜூன் வரை இருந்தது. மூன்று மாத அறிவித்தலில் எடுக்கலாம் என்று நானே ஒரு நிபந்தனை எழுதியிருந்தேன். அறிவித்தல் கடிதத்தை இரண்டு பிரதியாகத் தட்டச்சு செய்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு விருப்பத்தோடு ஒரு கடிதம் எழுதியதில்லை. ராணியக்காவிடம் போய்த் தாச்சியையும் திருப்பி வாங்கினேன். தையல் மெசின் கிடைத்தது. கட்டில் கிடைக்கவில்லை.

ஓகஸ்ட் 16, சனிக்கிழமை. வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கிண்ணியாப் பாலத்தால் போனோம். முற்பகல் 10.30க்கு அக்கா தன் வீட்டு வாசலில் நின்றார். ஆசிரியை மேகலா வந்து கதவைத் திறந்தார்.

“வாங்கோ மிஸ். இருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா தன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்தார். நான் மடியில் அறிவித்தல் கடிதம் வைத்த கோவையோடு பக்கத்தில் இருந்தேன்.

அக்கா சுவரைப் பார்க்கவில்லை, குசினிப் பக்கம் பார்க்கவில்லை. மேகலாவின் பாதங்களைப் பார்த்தார்.

“எத்தினை மாதம்?”

“ஏழு நடக்குது மிஸ்.”

“செருப்பு நாடா பதிஞ்சிருக்கு. முகமும் கொஞ்சம் ஊதியிருக்கு. பிரஷர் எப்ப பாத்தது?”

“போன மாதம்... இந்த முறை போகேலாமல் போச்சுது.”

“தலையிடிக்குதோ?”

“இடைக்கிடை.”

“திங்கட்கிழமை வரைக்கும் வைச்சிராத. இண்டைக்கே போ. புருசன் எங்க?”

“இலங்கைத்துறைக்கு வேலைக்குப் போட்டார். பின்னேரம் வருவார்.” மேகலா கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “முதல் ரெண்டும் தங்கேல்லை மிஸ். இந்த வீட்டுக்கு வந்துதான் இது. அலையாமல், இடம் மாறாமல் இருக்கச் சொல்லியிருக்கினம்.”

நான் கோவையைத் திறந்திருந்தேன். கடிதம் மேலேயே இருந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே கையை நீட்டி, கோவையின் மட்டையை மூடினார்.

“தம்பி, வான் நிக்குதெல்லோ. இந்தப் பிள்ளையை மூதூர் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போவம்.”

போனோம். பிரஷர் உயர்வாக இருந்தது, வாட்டில் நிறுத்தினார்கள். கணவர் வரும்வரை, பிற்பகல் 3.40 வரை, அக்கா வாட்டு வாசலில் இருந்தார். அங்கே வேலை செய்யும் வயதான பெண் ஒருவர், “மிஸ்சோ? செத்துப்போனியள் எண்டெல்லோ கதைச்சினம்” என்றார். அக்கா என்னைக் காட்டி, “ஓம், இவர்தான் கதையைத் தொடக்கினவர்” என்றார்.

திரும்பி வரும் வழியில் பாலத்தைத் தாண்டினோம். கொட்டியாரக் குடாவில் வெயில் சரிந்திருந்தது. நான்தான் தொடங்கினேன்.

“பிள்ளை பிறந்த பிறகு கேப்பம், அக்கா. ஜூனில ஒப்பந்தம் முடியுது.”

“ஜூனில அது தவழும். தவழுற பிள்ளையை வைச்சுக்கொண்டு வீடு தேடச் சொல்லவோ? அதுக்குப் பிறகு நடக்கும். பிறகு எனக்கு எழுபது. இந்தக் குழாய் எத்தினை வருசம் ஓடும் எண்டு டொக்டருக்கே சொல்லேலாதாம்.” சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். விரல் குழாயின் மேல் ஒருகணம் நின்றது. “அந்த வீடு முடிஞ்சுது தம்பி. போன வருசம் எண்டால் அது என்ர வீடு.”

போன வருடம் என்று அவர் சொன்னது எந்த நாட்களை என்று எனக்குத் தெரியும். அவை என்னிடம் திகதியும் கிழமையுமாக எழுதி இருக்கின்றன. இந்த நோய் கண்டபின் எனக்குக் காலத்தைப் பற்றிய எண்ணம் மாறிவிட்டது. முன்பு ஒரு நாளைச் சரியாக எழுதி வைத்தால் அது பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பேன். இப்போது, எழுதிய நாள் போன நாள் என்று மட்டும் தெரிகிறது. ஒன்றைக் கண்டால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். காரணத்துக்கான இடத்தை விட்டுவைக்கிறேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பிக் கிடைத்ததில்லை.

வீட்டு வாசலில் வான் நின்றதும் நான் முன்கதவைத் திறக்கச் சட்டைப் பையில் கை வைத்தேன். சென்ற வருடம் அக்கா ஒரு மத்தியானம் தனியே வெளியே போய், மீன் சந்தைக்குப் பக்கத்தில் வழி தெரியாமல் நின்றார். அன்றிலிருந்து கதவு எப்போதும் பூட்டியிருக்கும்; திறப்பு (சாவி) ஒன்று என் பையிலும் மற்றது சுகந்தியிடமும் இருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் அப்படியே தொடர்ந்திருந்தது. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவரைத் தவிர.

“இஞ்சதான் இருக்கப்போறன் எண்டால், எனக்கு இந்த வீட்டுத் திறப்பு ஒண்டு வேணும்” என்றார் அக்கா. “போறதும் வாறதும் என்ர பாட்டில. எங்க போறாய் எண்டு கேக்கக்கூடாது. எத்தினை மணி எண்டு எழுதக்கூடாது.”

“வழி தடுமாறினால்?”

“தடுமாறினால் ஆரையும் கேப்பன். திருகோணமலையில எல்லாருக்கும் வாய் இருக்கு.”

நான் தலையசைத்தேன். ஆனால் அன்று கொடுக்கவில்லை. மேலதிகத் திறப்பு இல்லை, திங்கட்கிழமை கடையில் ஒன்று வெட்டித் தருகிறேன் என்றேன். அவர் உள்ளே போனார்.

ஓகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். முகம் கழுவவில்லை, தேநீருக்குத் தண்ணீர் வைக்கவில்லை. என் கொத்திலிருந்து முன்கதவுத் திறப்பைக் கழற்றினேன். வளையம் இறுகியிருந்தது, கரண்டிக் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது. அக்கா விழித்திருந்தார். கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு, எழும்புவதற்கு முன்னான தன் இரண்டு நிமிடத்தைத் தானே எண்ணிக்கொண்டிருந்தார். திறப்பை நீட்டினேன்.

“இன்னும் ஒரு நிமிசம் இருக்கு” என்றார். “வைச்சிட்டுப் போ.”

தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.